எல்லாருக்கும் படகு இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

கேள்வி இதுதான்: டைட்டானிக்கில் பாதிப் பேருக்குத்தான் உயிர்காப்புப் படகில் இடம் இருந்தது. அதன் பிறகு, கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அப்புறமும் ஒரே விபத்தில் முந்நூறு, எண்ணூறு, ஆயிரம் என்று மக்கள் சாவது எப்படி?

படகு இருப்பது ஒன்று, அதைக் கடலில் இறக்க முடிவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது கப்பலின் சாய்வு. பயணிகள் கப்பல் விபத்துகளில் அதிகம் பேரைப் பலி வாங்கியவற்றை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பல, நிமிர்ந்தபடியே மெல்ல மூழ்கியவை அல்ல. ஒரு பக்கமாகச் சாய்ந்து சில நிமிடங்களில் கவிழ்ந்தவை. எனவே இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் சாய்வுதான்.

முதலில் படகு எப்படித் தொங்குகிறது என்று பார்ப்போம். கப்பலின் இரண்டு பக்கமும் வளைந்த இரும்புக் கைகளில் கம்பி வடம் போட்டுப் படகைத் தொங்கவிட்டிருப்பார்கள். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால், வலப்பக்கப் படகுகள் கப்பலை விட்டு வெளியே தள்ளி ஊசலாடும். தளத்துக்கும் படகுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, கைக்குழந்தையோடு நிற்பவர் தாண்ட முடியாமல் போகும். இடப்பக்கப் படகுகளோ கப்பலின் உடல் மேலேயே படுத்துக்கொள்ளும். வடத்தைத் தளர்த்தினால் ஆணித் தலைகளிலும் விளிம்புகளிலும் உரசிச் சிக்கி, ஒரு முனை மட்டும் இறங்கி ஆட்களைக் கொட்டிவிடும். இன்றைய பன்னாட்டு விதிப்படி, பக்கவாட்டில் 20 டிகிரி, முன்பின்னாக 10 டிகிரி வரை சாய்ந்தாலும் படகை இறக்க முடிய வேண்டும். அதைத் தாண்டினால் எந்த உத்தரவாதமும் இல்லை. ஆக, ஒரு கப்பல் 20 டிகிரியை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் டைட்டானிக் ஒரு விதிவிலக்கு. 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறை உரசியதில் முன்பக்கம் அடுத்தடுத்த அறைகளில் தண்ணீர் புகுந்தது. முதல் நான்கு அறைகள் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டிய கப்பல் அது. திறந்துகொண்டவையோ அதற்கும் மேல். ஆனால் அந்த அறைகள் கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடுப்பில்லாமல் நீண்டவை. அதனால் உள்ளே வந்த தண்ணீர் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவி, கப்பல் அதிகம் சாயாமல் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே 2 மணி 40 நிமிடம் மிதந்தது. இருந்த 20 படகுகளில் 18ஐ இறக்க முடிந்தது அதனால்தான். அந்தப் படகுகளில் மொத்தம் 1,178 பேருக்கு இடம் இருந்தும் பிழைத்தவர்கள் 700 பேருக்குச் சற்றே மேல். பல படகுகள் நிறையாமலே போய்விட்டன. இறந்தவர்கள் சுமார் 1,500.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரைக்கு அருகே லூசிடானியாவை டார்பிடோ தாக்கியது. டைட்டானிக் பாடத்துக்குப் பிறகு அதில் 48 படகுகள் இருந்தன, எல்லாருக்கும் போதும். ஆனால் கப்பல் 18 நிமிடத்தில் போய்விட்டது. ஒழுங்காக இறங்கிய படகுகள் ஆறே ஆறு. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். காரணம் கப்பலின் அமைப்பிலேயே இருந்தது. இரு பக்கமும் நீளவாக்கில் நிலக்கரிக் கிடங்குகள்; அவற்றுக்கும் நடுவிலுள்ள கொதிகலன் அறைகளுக்கும் இடையே நீளமான சுவர். அடிபட்ட பக்கத்துக் கிடங்கில் தண்ணீர் நிறைந்தது, எதிர்ப்பக்கம் காலியாகவே இருந்தது. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்த கதை. தடுப்புச் சுவர் அதிகம் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். குறுக்குச் சுவருக்கு அது பொருந்தும். நீளச் சுவர் சில சமயம் கப்பலையே கவிழ்த்துவிடும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1914 மே 29 அதிகாலையில், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து மூடுபனியில் ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதியது. 14 நிமிடம்; 1,012 பேர். இடிபட்ட ஓட்டை பெரிதுதான். ஆனால் நிலைமையை இன்னும் மோசமாக்கியவை காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த சின்ன வட்ட ஜன்னல்கள். கப்பல் சாய்ந்ததும் அவை நீர்மட்டத்துக்குக் கீழே போய், ஒவ்வொன்றும் ஒரு குழாயாக உள்ளே கொட்டியது. பயணிகள் உறக்கத்திலேயே மூழ்கினார்கள்.

1956 ஜூலை 25 இரவு நான்டக்கெட் தீவுக்கு அருகே ஸ்டாக்ஹோம் என்ற கப்பல் இடித்த ஆன்ட்ரியா டோரியாவும் இதே வகைதான். பயணத்தின் கடைசிக் கட்டம் என்பதால் அதன் எரிபொருள் தொட்டிகள் பெரும்பாலும் காலி. காலியான தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி எடையைச் சமன் செய்துகொண்டே வர வேண்டும், அதைச் செய்யவில்லை. இடிபட்ட வலப்பக்கத் தொட்டிகள் நிரம்பின, இடப்பக்கத் தொட்டிகள் காற்றோடு மிதவை போல நின்றன. சில நிமிடங்களில் சாய்வு 18 டிகிரியைத் தாண்டியது, இடப்பக்கத்து எட்டுப் படகுகளும் பயனற்றுப் போயின. அந்தக் கப்பலில் இறந்த 46 பேரில் பெரும்பாலோர் மோதலிலேயே இறந்தவர்கள். மற்றவர்கள் தப்பியதற்குக் காரணம், கப்பல் அந்தச் சாய்விலேயே 11 மணி நேரம் தாங்கியதும், பக்கத்தில் வந்த கப்பல்கள் தங்கள் படகுகளை அனுப்பியதும்.

இனி சாய்வு ஏன் பெருகுகிறது என்ற கணக்கு. கப்பலின் மொத்த எடையும் ஒரு புள்ளி வழியாகக் கீழே அழுத்துகிறது; அது ஈர்ப்பு மையம். தண்ணீர் அதை மேலே தள்ளுவது இன்னொரு புள்ளி வழியாக. அது மிதப்பு மையம். கப்பல் சாயும்போது, மூழ்கிய பகுதியின் வடிவம் மாறி மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அந்தப் பக்கம் மேல்நோக்கித் தள்ளுவதால் கப்பல் நிமிர்கிறது. எந்தப் புள்ளிக்குக் கீழே ஈர்ப்பு மையம் இருக்கும்வரை கப்பல் நிமிருமோ அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746இல் இதை விளக்கினார். மெட்டாசென்டருக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் உள்ள உயரத்தைக் கப்பல்காரர்கள் ஜிஎம் என்பார்கள். விதி கேட்கும் குறைந்தபட்ச ஜிஎம் 0.15 மீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் நிமிர்ந்து நிற்பது இவ்வளவு சிறிய அளவைப் பொறுத்திருக்கலாம் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள்.

இப்போது அதன் தளத்தில் தண்ணீரை ஊற்றுங்கள். ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு செம்பு நிறையத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோகலாம். அதில் கால்பங்கைத் தாம்பாளத்தில் ஊற்றி எடுத்துப் போனால், கை இம்மி சாய்ந்ததும் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும், ஓடிய எடை தட்டை இன்னும் சாய்க்கும். கப்பலிலும் தண்ணீரின் ஆழத்தைவிட அது பரவிக் கிடக்கும் அகலம்தான் கெடுதல். அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப அந்தக் கெடுதல் வளரும். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். இரண்டு தடுப்பு வைத்தால் ஒன்பதில் ஒன்று.

லாரியும் காரும் ஏறும் ஃபெர்ரிக் கப்பலின் வாகனத் தளம் இந்தத் தாம்பாளம்தான். முன்கதவு வழியாக ஏறிய லாரி நேரே ஓடிப் பின்கதவு வழியாக இறங்க வேண்டும். குறுக்கே சுவர் இருந்தால் வியாபாரம் நடக்காது. அதனால் கப்பலின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் ஒரே கூடம்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பலின் எடை 8,000 டன். வாகனத் தளம் 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அதில் 30 சென்டிமீட்டர் தண்ணீர், முழங்காலுக்கும் கீழே. 600 கன மீட்டர், கடல்நீர் என்பதால் சுமார் 615 டன். கப்பலின் எடையில் எட்டு சதவீதத்துக்கும் குறைவு. கப்பல் நேராக நின்றால் இது சமமாகப் பரவிக் கிடக்கும். அலையோ திருப்பமோ அதை 10 டிகிரி சாய்த்துவிட்டது என்று வையுங்கள். அத்தனை தண்ணீரும் தாழ்ந்த ஓரத்தில் எட்டு மீட்டர் அகலத்துக்குள் முக்கோணமாகக் குவிந்துவிடும். நடுக்கோட்டிலிருந்து ஏழு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று அது அழுத்தும்போது, கவிழ்க்கும் திருப்புத்திறன் சுமார் 4,400 டன்-மீட்டர். கப்பலின் ஜிஎம் 1.5 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்தச் சாய்வில் அது நிமிர்வதற்குக் காட்டும் பலம் சுமார் 2,100 டன்-மீட்டர்தான். பாதிகூட இல்லை. ஆகவே சாய்வு தொடரும். 23 டிகிரிக்கு அருகேதான் இரண்டும் சமமாகும். படகை இறக்க விதி சொல்லும் 20 டிகிரி எல்லையை அதற்குள் கடந்தாகிவிட்டது. அந்தச் சாய்வில் காற்றோட்டக் குழாய்களும் ஜன்னல்களும் தண்ணீருக்குள் போய்விட்டால் புதுத் தண்ணீர் வரும், பிறகு நிற்க இடமில்லை. அடியில் ஒரு சிறு கீறல்கூட இல்லாத கப்பல் அது.

1987 மார்ச் 6 மாலை பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்தில் நடந்தது இதுதான். ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் டோவருக்குக் கிளம்பியது, முன்கதவை மூடாமல். கதவை மூட வேண்டிய மாலுமி தன் அறையில் தூங்கிப் போயிருந்தார். மூடியதை உறுதி செய்ய வேண்டிய அதிகாரி அங்கே நிற்கவில்லை. கேப்டன் நிற்கும் மேடையிலிருந்து கதவு கண்ணுக்குத் தெரியாது. கதவு திறந்திருந்தால் அங்கே எரியும்படி ஒரு விளக்கு வைத்துக் கொடுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள், கம்பெனி மறுத்துவிட்டது. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஜீப்ரூக்கின் ஏற்றுப் பாலம் இந்தக் கப்பலின் மேல் வாகனத் தளத்துக்கு எட்டாது என்பதால், முன்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி மூக்கைத் தாழ்த்தி வண்டிகளை ஏற்றினார்கள். கிளம்பும்போதும் மூக்கு தாழ்ந்தே இருந்தது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்து வேகம் எடுத்ததும், மூக்குக்கு முன்னால் எழும் அலை திறந்த வாசலின் உயரத்தைத் தொட்டது. தண்ணீர் வாகனத் தளத்துக்குள் பாய்ந்தது. ஒன்றரை நிமிடம் போலத்தான். 193 பேர். ஆழமில்லாத மணல் திட்டில் பாதி உடல் வெளியே தெரியப் பக்கவாட்டில் கிடந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். சற்று ஆழத்தில் நடந்திருந்தால் எண்ணிக்கை வேறு.

எஸ்டோனியா என்ற ஃபெர்ரியில் கதவை மூடித்தான் வைத்திருந்தார்கள். 1994 செப்டம்பர் 28 நள்ளிரவு தாண்டிய நேரம், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் வழியில், பால்டிக் கடலில் புயல். அந்தக் கப்பலின் மூக்கு ஹெல்மெட்டின் முகமூடி போல மேலே தூக்கித் திறப்பது. அதற்குப் பின்னால் உள்வாசலை அடைத்து நிற்பது வண்டி ஏறும் சாய்தளம். அலை மேலும் கீழும் அறைந்து முகமூடியின் பூட்டுகளை முறித்தது. முகமூடி தனியாகக் கழன்று விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாய்தளத்தின் மேல்முனை முகமூடிக்குள் ஒரு கூட்டில் நுழைந்து நின்றதால், விழும்போது அதையும் இழுத்துத் திறந்துவிட்டது. முதல் கதவை நம்பியிருக்கக் கூடாத இரண்டாவது கதவு, அதோடு சேர்ந்தே போனது. கப்பலில் 989 பேர், பிழைத்தவர்கள் 137.

அவ்வளவு பேர் ஏன் வெளியேற முடியவில்லை என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஃபெர்ரியின் உள்ளே அறைகளுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு நடைபாதைகள். கப்பல் 20 டிகிரி சாய்ந்தால் கைப்பிடியைப் பற்றி நடக்கலாம். 30 டிகிரியில் வழவழப்பான தரையில் கால் நிற்காது. 45 டிகிரியில் தரையும் சுவரும் ஒன்றுதான். இரண்டும் சேரும் மூலையில்தான் ஊர்ந்து போக வேண்டும். அதற்கு மேல் போனால், குறுக்கே ஓடும் நடைபாதைகள் கிணறாக மாறிவிடும்: ஒருவர் தாண்டும்போது தவறினால் கப்பலின் அகலம் முழுக்கக் கீழே விழுவார். படிக்கட்டோ தலைகீழான ஏணி மாதிரி. மேல்தளத்துக்குப் போக இரண்டு நிமிடம் எடுக்கும் வழியில், சாய்ந்த பிறகு போகவே முடியாது. இரவு உடையோடு கதவைத் திறந்ததும் ஓடியவர்கள் பிழைத்தார்கள். உடை மாற்றவும் பெட்டி எடுக்கவும் நின்றவர்கள் பலர் பிழைக்கவில்லை.

இந்த இரண்டு விபத்துகளும் சட்டத்தை மாற்றின. கதவு மூடியதைக் காட்டும் விளக்கும் கேமராவும் கட்டாயமாயின. எஸ்டோனியாவுக்குப் பிறகு வட ஐரோப்பிய நாடுகள் 1996இல் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்பாடு, அடிபட்ட ஃபெர்ரி தன் வாகனத் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் தேங்கினாலும் கவிழாமல் தாங்க வேண்டும் என்றது. பழைய கப்பல்களில் நீளத் தடுப்புகளும் பக்கவாட்டு மிதவைகளும் பொருத்த வேண்டி வந்தது. என் பார்வையில் படகு எண்ணிக்கை விதியைவிட இதுதான் அதிக உயிர்களைக் காப்பாற்றும் விதி. ஆனால் உலகம் முழுக்க அது பொருந்துவதில்லை. ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த கப்பல்கள் வேறு கடல்களுக்கு விலைக்குப் போகின்றன.

அப்படிப் போன ஒன்றுதான் அல் சலாம் பொக்காச்சியோ 98. 1970இல் இத்தாலியில் கட்டியது. பின்னாளில் மேலே கூடுதல் தளங்கள் சேர்த்தார்கள். 2006 பிப்ரவரியில் சவூதி அரேபியாவின் துபாவிலிருந்து எகிப்தின் சஃபாகாவுக்கு சுமார் 1,400 பேரோடு செங்கடலைக் கடந்தபோது வாகனத் தளத்தில் தீ. மாலுமிகள் குழாய் வைத்து மணிக்கணக்கில் தண்ணீர் அடித்தார்கள். அந்தத் தண்ணீர் வெளியே போகத் தளத்தின் ஓரத்தில் வடிகால் துளைகள் உண்டு. குப்பையும் எரிந்த சரக்கும் அடைத்துக்கொண்டால் போகாது, அங்கே அடைத்துக்கொண்டது. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே கப்பலைக் கவிழ்த்தது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறையில் கட்டி நின்ற நார்மண்டி என்ற பிரம்மாண்டக் கப்பலும் தீயணைப்புத் தண்ணீரால்தான் படுத்தது. அறுபது ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்திருந்த பாடம் அது. வாகனத் தளத்தின் வடிகாலைச் சுத்தமாக வைப்பது ஒரு ஆள் துடைப்பத்தோடு அரை மணி நேரம் செய்யும் வேலை.

தண்ணீரே வராமலும் கப்பல் கவிழும். ஈர்ப்பு மையத்தை மேலே ஏற்றினால் போதும். 1915 ஜூலை 24 காலை, சிகாகோ ஆற்றில் கட்டியபடியே ஈஸ்ட்லேண்ட் சாய்ந்து விழுந்தது. உல்லாசப் பயணம் கிளம்பிய தொழிலாளர் குடும்பங்கள், சுமார் 2,500 பேர். தண்ணீரின் ஆழம் ஆறு மீட்டர், கரை கைக்கெட்டும் தூரம். 844 பேர் இறந்தார்கள். முன்பே தலைகனத்த கப்பல் என்று பெயர் வாங்கியது அது. டைட்டானிக்கின் பாடத்தால் மேல்தளத்தில் கூடுதல் படகுகளும் மிதவைகளும் ஏற்றியதில் தலைகனம் இன்னும் கூடியது. உயிர்காக்க வைத்ததே நிலைகுலையக் காரணங்களில் ஒன்றானது வேதனை.

கொரியாவின் செவோல் இதைப் புரிந்துகொள்ள எல்லாரும் படிக்க வேண்டிய விபத்து. ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய ஃபெர்ரி; வாங்கியபின் பின்பக்கம் பயணிகள் அறைகள் கூட்டிக் கட்டினார்கள். ஈர்ப்பு மையம் உயர்ந்ததால், இனி 987 டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றக் கூடாது, அடித்தொட்டிகளில் நிறையத் தண்ணீர் நிரப்பி அடியைக் கனமாக்க வேண்டும் என்று நிபந்தனை. 2014 ஏப்ரல் 16 அன்று அனுமதித்ததைவிட இரு மடங்குக்கு மேல் சரக்கு இருந்தது. அதிகச் சுமை வெளியே தெரிந்திருக்க வேண்டுமே? தெரியவில்லை. அடித்தொட்டித் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். அதனால் கப்பல் பக்கத்திலுள்ள சுமைக்கோடு நீருக்கு மேலேயே நின்றது. துறையில் நின்று பார்த்தால் எல்லாம் சரி. உள்ளே எடை அடியிலிருந்து மேலே போய்விட்டது. இன்சியோனிலிருந்து ஜேஜூ தீவுக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம்; கப்பல் சாய்ந்தது, சரியாகக் கட்டாத சரக்குச் சரிந்தது, நிமிரவில்லை. சாய்ந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அது மிதந்தது. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று. பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள் காத்திருந்தார்கள். 476 பேரில் 304 பேர் திரும்பவில்லை, அதில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

ஆட்களே சுமையாவது சிறு கப்பல்களின் ஆபத்து. 400 டன் எடையுள்ள சிறு கப்பலில் 700 பேர் ஏறினால், ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் 42 டன், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். இந்தப் பங்கு நடக்கும், ஓடும், ஒரே பக்கம் கூடும். 1947 ஜூலை 17 அன்று பம்பாயிலிருந்து ரேவாஸுக்குப் போன ராம்தாஸ் நீராவிக் கப்பல் அலையில் சாய்ந்ததும் பயணிகள் ஒரே பக்கம் ஒதுங்க, கவிழ்ந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். 2002 செப்டம்பர் 26 இரவு, காம்பியக் கடலில் செனகலின் லு ஜூலா கவிழ்ந்தபோது 1,863 பேர் இறந்தார்கள். மாலுமிகளையும் சேர்த்து 580 பேருக்குக் கட்டிய கப்பல் அது. உயிர் தப்பியவர்கள் 64. இறந்தவர்கள் டைட்டானிக்கைவிட அதிகம். ஆனால் அந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? நமக்குப் பக்கத்தில், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகின் மேல்தளத்தில் இருந்தவர்கள் விலங்கு பார்க்க ஒரு பக்கம் போனதும் அது சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைக் கொன்ற படகு, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றியது. மீன்படகின் எடை அடியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். அதன் மேல் தளம் போட்டு ஆளை ஏற்றினால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. 1904 ஜூன் 15இல் நியூயார்க்கின் கிழக்காற்றில் ஜெனரல் ஸ்லோகம் எரிந்து 1,021 பேர் இறந்தார்கள். தீயணைப்புக் குழாய்கள் வெடித்தன, லைஃப் ஜாக்கெட்டில் இருந்த தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. 1987 டிசம்பர் 20இல் பிலிப்பைன்ஸின் டோன்யா பாஸ், பெட்ரோல் ஏற்றிய டேங்கரோடு மோதியது. கடல் மேலேயே தீப்பிடித்தது, ஜாக்கெட்டுகள் பூட்டிய பெட்டியில். 1,500 பேருக்குச் சற்றே கூடுதலாக அனுமதி பெற்ற கப்பலில் 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அமைதிக் காலத்துக் கடல் விபத்துகளில் மிகப் பெரியது அதுவே.

நீங்கள் பயணியாக என்ன செய்யலாம்? கப்பலின் நிலைப்பாட்டை உங்களால் கணக்கிட முடியாது. ஆனால் பார்க்கக் கூடியவை உண்டு. ஏறும் முன் கப்பலின் பக்கவாட்டு நடுவில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே கோடும், அருகே படிக்கோடுகளும் தெரியும். 1876இல் இங்கிலாந்தில் சாமுவேல் பிலிம்சால் போராடிச் சட்டமாக்கிய சுமைக்குறி. டி (T) என்ற ஆங்கில எழுத்துள்ள கோடு நம்மைப் போன்ற வெப்பக் கடல்களுக்கு. அது தண்ணீருக்குள் போயிருந்தால் சுமை அதிகம். அது வெளியே தெரிந்தாலே எல்லாம் சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். செவோலில் நடந்ததை மேலே சொன்னேன். துறையில் நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, ஆடினால் நிமிர ரொம்ப நேரம் எடுத்து மெத்தென்று ஆடினாலோ கவனம். வெடுக்கென்று நிமிரும் கப்பல் வயிற்றைப் புரட்டும், ஆனால் நிலையானது. சோம்பலாக ஆடுவதுதான் நிலை குறைந்ததன் அடையாளம்.

உள்ளே போனதும், உங்கள் அறை அல்லது இருக்கையிலிருந்து திறந்த தளத்துக்கு இரண்டு வழிகளை நடந்தே பாருங்கள். வழியில் எத்தனை கதவு என்று கையால் தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள். புகையிலும் இருட்டிலும் எண்ணிக்கைதான் உதவும். 2012இல் கோஸ்டா கான்கோர்டியா விபத்துக்குப் பிறகு, பெரிய பயணக் கப்பல்களில் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்துவது கட்டாயம், அதைத் தவிர்க்காதீர்கள். ஏழு சிறு ஊதலும் ஒரு நெடிய ஊதலும் கேட்டால் அபாய அறிவிப்பு. அறிவிப்புக்குக் காத்திருக்காமல் செயல்பட வேண்டிய ஒரு நேரம் உண்டு: கப்பல் சாய்ந்து, நிமிராமல், சாய்வு கூடிக்கொண்டே போனால் உடனே திறந்த தளத்துக்குப் போய்விடுங்கள். அங்கே நின்று உத்தரவுக்குக் காத்திருங்கள். மூடிய அறைக்குள் காத்திருக்காதீர்கள். வாகனத் தளத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து பயணம் செய்யவே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நேரம் இருந்தால் போட்டு நாடாவை இறுக்குங்கள். ஊதி உப்பும் வகையாக இருந்தால் கப்பலுக்குள் ஊதவே கூடாது. உள்ளே தண்ணீர் ஏறினால் அது உங்களைக் கூரையோடு அழுத்திவிடும், கதவுக்கு முங்கிப் போக முடியாது. குதிக்க வேண்டி வந்தால், மிகத் தாழ்வான இடத்துக்கு வந்து, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் ஜாக்கெட்டைக் கீழே இழுத்துப் பிடித்து, நேரே முன்னால் பார்த்தபடி கால் முதலில் இறங்குங்கள். இல்லையென்றால் ஜாக்கெட் மேலே எகிறித் தாடையில் அடிக்கும். குளிர்க்கடலில் முதல் ஒரு நிமிடம் மூச்சு முட்டும். அதில் பதறாமல் மூச்சை நிதானப்படுத்துவதே வேலை. அடுத்த பத்து நிமிடம்தான் கைவிரல் சொன்னபடி கேட்கும். நம் கடலில் குளிர் அவ்வளவு வேகமாகக் கொல்லாது. நீந்திக் களைத்துப் போவதுதான் கொல்லும். கரையை நோக்கி நீந்தாதீர்கள், முழங்காலை நெஞ்சோடு மடக்கி மிதங்கள், முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து.

2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை வழி போன்ற வேகப் பயணிக் கப்பல்களில் மூடிய கூடத்தில் இருக்கை வரிசைகள் இருக்கும், ஜாக்கெட் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில். உட்கார்ந்ததும் கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

குழந்தையோடு போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், குழந்தை அதன் வழியாக நழுவிக் கீழே போய்விடும். பன்னாட்டுக் கப்பல்களில் பயணிகள் எண்ணிக்கையில் பத்து சதவீதத்துக்குச் சிறுவர் ஜாக்கெட்டும், இரண்டரை சதவீதத்துக்குக் கைக்குழந்தை ஜாக்கெட்டும் வைத்திருக்க வேண்டும். 15 கிலோவுக்குக் குறைந்தால் கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு. அவை இருக்கைக்கு அடியில் இருக்காது, எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். ஏறியவுடன் பணியாளரிடம் கேட்டு வாங்கிக் குழந்தைக்கு ஒருமுறை போட்டுப் பார்த்து, கால்களுக்கு நடுவே போகும் நாடா இருந்தால் அதையும் மாட்டி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முகவாய் உள்ளே புதையாமல் இருந்தால் அளவு சரி.